மெர்ஜ், நோட்ஸ், எட்டு இலக்கக் கோட்: சிஆர்எம்மில் மறக்க முடியாத சம்பவங்கள் (அனுபவப் பகிர்வு)

சப்போர்ட்_சீட்

சரி, நானே தொடங்குகிறேன். நடந்து நாளாகிவிட்டது, ஆனால் ஹெட்செட்டை மாட்டினால் இன்னும் நினைவுக்கு வருகிறது.

அப்பாவும் மகளும் ஒரே மின்னஞ்சல் முகவரியை வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு சந்தா. வாடிக்கையாளர் விவரங்களை வைத்திருக்கும் எங்கள் சிஆர்எம் மென்பொருளில் டேட்டாவைச் சுத்தம் செய்ய வெளியிலிருந்து வந்த குழு, "மின்னஞ்சல் ஒன்றாக இருந்தால் மெர்ஜ்", அதாவது இரண்டு ரெக்கார்டையும் ஒன்றாக்கு, என்று ஒரு ரூலை ஓட்டிவிட்டுப் போய்விட்டது. பிறகு அப்பா காலமானார். மகள் முறைப்படி தெரிவித்தார். எங்கள் பக்கம் ஒருவர் ரெக்கார்டைத் திறந்து ஸ்டேட்டஸை மாற்றினார். மிச்சத்தை ஆட்டோமேஷன் பார்த்துக்கொண்டது: சந்தா நிறுத்தம், இரங்கல் கடிதம், எல்லாம். மெர்ஜில் மாஸ்டராக, அதாவது மிஞ்சிய ரெக்கார்டாக, நின்றது மகளுடையது. கடிதம் அவர் பெயரைத் தாங்கிப் போனது.

அவர் அழைத்தபோது எடுத்தது நான். அவர் கத்தவில்லை. "நான் இறந்துட்டதுக்கு வருத்தம் தெரிவிச்சு உங்க லெட்டர் வந்திருக்கு. கணக்கை யார் பேருக்கு மாத்தணும்னு கேட்டிருக்கீங்க. என்ன பதில் எழுதட்டும்?" என்றார். என் திரையில் அவர் பெயர், பக்கத்தில் சாம்பல் நிறத்தில் "காலமானார்". அடையாளம் சரிபார்க்காமல் பேசக்கூடாது என்பது விதி, அதனால் பிறந்த தேதி கேட்டேன். சொன்னார். பொருந்தவில்லை. மெர்ஜில் தங்கிவிட்டது அப்பாவின் பிறந்த தேதி.

"நீங்கள் சொல்லும் தேதி எங்களிடம் உள்ளதோடு பொருந்தவில்லை" என்று அவரிடமே சொல்ல வேண்டி வந்தது. அந்த ஒரு வரிதான் போகமாட்டேன் என்கிறது.

உங்களுக்கு அப்படி ஏதாவது உண்டா?

பதினெட்டு_எழுத்து

என் கதை சின்னது. சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற சிஆர்எம்மின் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தால் ரெக்கார்டு ஐடி 15 எழுத்தில் வரும், அதில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. எக்செல்லில் மதிப்பைத் தேடிப் பொருத்தும் விலுக்கப்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது, எக்ஸ்லுக்கப்புக்கும் தெரியாது. இன்னொரு டீம் அப்படி ஒரு ஷீட்டைத் தயாரித்து அப்லோடு செய்தது. ஒரு வாடிக்கையாளருக்கான தள்ளுபடி விலை அவருடைய நேரடிப் போட்டியாளரின் ரெக்கார்டில் போய் உட்கார்ந்தது. மீட்டிங்கில் இரண்டு ஐடிகளையும் திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். கடைசி எழுத்தைத் தவிர எல்லாம் ஒன்று, அந்தக் கடைசி எழுத்தும் ஒன்றில் பெரியது, ஒன்றில் சின்னது, அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் பேசவில்லை. எழுத்தின் பெரிது சின்னது பார்க்காமலே வேறுபடும் 18 எழுத்து ஐடியை எடுங்கள், டேட்டா லோடர் (டேட்டாவை மொத்தமாக ஏற்றி இறக்கும் கருவி) அதைத்தான் தரும். ரிப்போர்ட்டிலேயே வேண்டுமென்றால் கேஸ்சேஃப்ஐடி ஃபார்முலா ஃபீல்டு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சப்போர்ட்_சீட் சொன்ன மெர்ஜ் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். அழிப்பதைவிட மெர்ஜ் ஆபத்தானது. அழித்தால் திரும்ப எடுக்க அவகாசம் உண்டு: சேல்ஸ்ஃபோர்ஸ் ரீசைக்கிள் பின்னில் 15 நாள், ஜோஹோ சிஆர்எம்மில் 60 நாள், ஹப்ஸ்பாட்டில் 90 நாள். மெர்ஜ் அப்படியில்லை. ஹப்ஸ்பாட்டில் மெர்ஜ் செய்த இரண்டு கான்டாக்ட்டைப் பிரிக்கவே முடியாது. சேல்ஸ்ஃபோர்ஸில் மாஸ்டராகாமல் தோற்ற ரெக்கார்டு ரீசைக்கிள் பின்னுக்குப் போகும், அதை மீட்கலாம், ஆனால் மாஸ்டருக்கு இடம் மாறிய கேஸ்களும் ஆக்டிவிட்டிகளும் தானாகத் திரும்பி வராது. ஆகவே மெர்ஜுக்கு முன்னால் இரண்டு ரெக்கார்டையும் முழுசாக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். தோற்கப்போகும் ரெக்கார்டின் ஐடியை மாஸ்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபீல்டில் எழுதி வையுங்கள். மின்னஞ்சலை மட்டும் வைத்து மெர்ஜ் ரூல் போடவே கூடாது, குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும், சிறு நிறுவனங்களில் "இன்ஃபோ" என்று தொடங்கும் ஒரே முகவரியை ஐந்து பேர் பயன்படுத்துவார்கள். பெயரோடு பிறந்த தேதியோ, ஃபோனோடு தெரு முகவரியோ, இரண்டு விஷயமாவது பொருந்த வேண்டும். பொருந்தினாலும் ஒரு மனிதர் பார்த்துத்தான் அழுத்த வேண்டும்.

இம்போர்ட்டையும் சொல்லிவிடுகிறேன். சிஎஸ்வி கோப்பை (கமாவால் பிரித்த அட்டவணை) எக்செல்லில் நேரடியாக இரட்டை கிளிக் செய்து திறக்காதீர்கள். ஃபோன் எண்ணின் முன் பூஜ்யம் போய்விடும், நீளமான கணக்கு எண் அறிவியல் குறியீடாக மாறும், தேதியில் மாதமும் நாளும் இடம் மாறும். அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்ட் என்று சொல்லி இம்போர்ட் செய்யுங்கள். சேமிக்கும்போது "சிஎஸ்வி யுடிஎஃப்-8" என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள், வெறும் சிஎஸ்வி என்று கொடுத்தால் ஆங்கிலம் அல்லாத பெயர்களெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும். முதலில் பத்து வரி ஏற்றிப் பாருங்கள். அப்புறம் டூப்ளிகேட் வராமல் இருக்க ஃபீல்டுகளை மேண்டேட்டரி ஆக்குங்கள். ஃபோன், தொழில் துறை, பிறந்த தேதி எதையும் காலியாக விடாதபடி பூட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

களத்து_ஆள்

கடைசி இரண்டு வரி வரைக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தேன். மேண்டேட்டரி ஆக்கினால் தீர்ந்துவிடுமா? அட்மின் நண்பரே, உங்கள் பூட்டுக்கு எங்களிடம் சாவி இருக்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் சிஆர்எம்மில் தொழில் துறை என்று ஒரு பிக்லிஸ்ட். திடீரென்று ஒருநாள் அதை நிரப்பாமல் சேவ் ஆகாது என்று ஆக்கினார்கள். நாங்கள் இருப்பது அடுத்த கூட்டத்துக்கு ஓடும் வழியில், மொபைலில், ஒற்றைக் கையில். பட்டியலில் முதலில் வருவது ஆங்கில அகர வரிசைப்படி விவசாயம். எல்லோரும் விவசாயத்தைத் தட்டிவிட்டு நகர்ந்தார்கள்.

காலாண்டுக் கூட்டத்தில் எங்கள் தலைவர் ஒரு பை சார்ட்டைப் போட்டார். பெரிய துண்டு பச்சை. "விவசாயத் துறையில் நம் வளர்ச்சியை யாரும் கவனிக்கவில்லை" என்று பெருமையாகச் சொன்னார். நாங்கள் விற்பது அலுவலகங்களுக்கான வருகைப்பதிவு மென்பொருள். என் பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. விவசாயத்துக்குத் தனி மார்க்கெட்டிங் பட்ஜெட் வேண்டும் என்று ஒருவர் பேசத் தொடங்கிய பிறகுதான் எங்கள் சீனியர் கை தூக்கி விஷயத்தைச் சொன்னார்.

காலியான ஃபீல்டு பார்த்தவுடன் காலி என்று தெரியும். பொய்யான ஃபீல்டு ரிப்போர்ட்டில் உண்மை மாதிரியே நிற்கும். கட்டாயப்படுத்துவதானால் டீல் அந்தக் கட்டத்துக்கு வரும்போது மட்டும் கேளுங்கள். விலை கொடுக்கும்போது பட்ஜெட் கேட்கலாம், அறிமுகமான அன்றே பிறந்த தேதி கேட்டால் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார்.

பதினெட்டு_எழுத்து

முதல் மதிப்பை "தேர்ந்தெடுக்கவும்" என்று வைத்து, அதோடு சேவ் ஆகாதபடி வேலிடேஷன் ரூல் போட்டிருந்தால் இது நடந்திருக்காது. குறை கட்டாயத்தில் இல்லை, அதை அமைத்த விதத்தில்.

களத்து_ஆள்

அப்போது எல்லோரும் இரண்டாவதைத் தட்டியிருப்பார்கள். ஆடை உற்பத்தியில் அபார வளர்ச்சி கண்டிருப்போம்.

சப்போர்ட்_சீட்

அறிவுரைக்கு நன்றி, ஆனால் நான் மெர்ஜ் ரூல் எழுதுகிறவன் இல்லை, ஃபோன் எடுக்கிறவன். எப்படிச் சரியாயிற்று என்று தனிச் செய்தியில் சிலர் கேட்டார்கள். வாராந்திர எக்ஸ்போர்ட்டில் பழைய வரி இருந்தது. அதிலிருந்து அப்பாவுக்குப் புது ரெக்கார்டு உருவாக்கி, கால் ஹிஸ்டரியை ஒவ்வொன்றாகப் படித்து, இது யார் பேசியது என்று ஊகித்துப் பிரித்தோம். சிலவற்றைப் பிரிக்க முடியவில்லை. மகளிடமே கேட்டோம். பொறுமையாகச் சொன்னார்.

புது_நம்பர்

எல்லோரும் டேட்டா பேசுகிறீர்கள், எனக்கு உறுத்துவது ஒரு குரல்.

பக்கத்து சீட் பெண்ணுக்கு ஐடி ஹெல்ப்டெஸ்க் என்று அழைப்பு வந்தது. சிஆர்எம் மெதுவாக இருக்கிறதா, டிக்கெட் போட்டிருந்தீர்களே என்றார். யாருக்குத்தான் மெதுவாக இல்லை? அவளும் ஆமாம் என்றாள். செட்டிங்ஸில், வெளி மென்பொருளை சிஆர்எம்மோடு இணைக்கும் கனெக்டட் ஆப் பக்கத்துக்குப் போகச் சொல்லி, எட்டு இலக்கக் கோட் ஒன்றைத் தந்து, அதை அங்கே டைப் செய்யச் சொன்னார். "அவசரமே இல்லைம்மா, மெதுவா பண்ணுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். நடுவில் ஹோல்டில் போட்டார். ஸ்பீக்கரில் எங்களுடைய சொந்த ஹோல்டு மியூசிக்கே ஒலித்தது! எங்கள் எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள்.

அந்த இசை அவளை நம்ப வைத்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அதுதான் இடித்தது. உள் அழைப்பில் எங்களுக்கு ஹோல்டு மியூசிக் வராது, வெளியாட்களுக்குத்தான் வரும். கோட் டைப் செய்வதைப் பாதியில் நிறுத்தி, "நானே திரும்பக் கூப்பிடறேன்" என்றாள். லைன் கட்.

2025 ஜூனில் கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழு இந்த முறையைப் பற்றி எழுதியிருந்தது: சேல்ஸ்ஃபோர்ஸ் பயனர்களை ஃபோனில் பேசி மயக்கி, மாற்றியமைத்த டேட்டா லோடரை அவர்கள் கையாலேயே இணைக்க வைப்பது. ஆகஸ்ட்டில் கூகுளே தன்னுடைய ஒரு சேல்ஸ்ஃபோர்ஸ் தளமும் அப்படிச் சிக்கியதைச் சொன்னது. மென்பொருளில் ஓட்டை எதுவும் தேவைப்படவில்லை. அதே ஆகஸ்ட்டில் சேல்ஸ்லாஃப்ட் ட்ரிஃப்ட் என்ற சாட் மென்பொருள் இணைப்பின் டோக்கன்கள் (கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடும் சாவிகள்) திருடப்பட்டு நூற்றுக்கணக்கான நிறுவனங்களின் டேட்டா போனது, அதில் ஃபோன்கூட இல்லை. டோக்கன் கையில் இருந்தால் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு குறுக்கே வராது. அட்மின்கள் இன்றே கனெக்டட் ஆப் பட்டியலைத் திறந்து, யாரும் பயன்படுத்தாத இணைப்புகளை எடுத்துவிடுங்கள். வேறு மென்பொருள் வழியாக டேட்டாவை எடுக்க விடும் ஏபிஐ அனுமதி எல்லா யூசருக்கும் எதற்கு?

அலமாரி

நோட்ஸ் ஃபீல்டு. யாருமே சொல்லவில்லை, ஆச்சரியம்.

ஐரோப்பிய வாடிக்கையாளர் ஒருவர் தன்னைப் பற்றி நாங்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் கேட்டார். 2018 மே முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 15ஆம் பிரிவுப்படி அது அவர் உரிமை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பிரிண்ட் எடுத்து அனுப்பும் முன் படித்துப் பார்த்தது நானும் சட்டப் பிரிவுப் பெண்மணியும். பல ஆண்டுக் குறிப்புகள். "வளவளவென்று பேசுவார், ஃபோனை எடுக்காதே." "மனைவி பிரிந்துவிட்டார் போல, இப்போது விலை பேசலாம்." இரண்டாவதைப் படித்ததும் அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பல காலம். நீக்கிவிட்டு அனுப்பலாமா என்று மேலிடத்திலிருந்து கேட்டார்கள். கோரிக்கை வந்த பிறகு மறைப்பது இன்னொரு குற்றமாகிவிடும் என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டார். அப்படியே போனது.

வாடிக்கையாளர் ஒரு வரிகூடப் பதில் எழுதவில்லை. ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பிக்கவில்லை.

களத்து_ஆள்

அலமாரி, எழுதியது அசிங்கம்தான், மறுப்பில்லை. ஆனால் நோட்ஸே எழுதாதே என்றாகிவிடக்கூடாது. ஃபோனை எடுக்காதே என்பதற்குப் பதில் "மின்னஞ்சலை விரும்புகிறார்" என்று எழுதியிருந்தால் அடுத்து வருகிறவருக்கும் பயன், அவர் படித்தாலும் பிரச்சினையில்லை.

அலமாரி

நானும் எழுதாதே என்று சொல்லவில்லையே.

திறந்த_மெயில்

எனக்கு உறுத்துவது ஒரு தானியங்கி டாஸ்க். யாராவது எங்கள் மெயிலைத் திறந்தால் உடனே விற்பனையாளருக்கு "இப்போது அழை" என்று மணியடிக்கும். எங்கள் ஆளும் அழைத்தார். "இப்பதான் எங்க மெயிலைப் பார்த்தீங்கன்னு..." என்று தொடங்கினார். எதிர்முனையில், "நான் ஃபோனை சார்ஜில் போட்டுட்டுத் தூங்கிட்டிருந்தேன். நான் எதைப் பார்த்தேன்னு உங்களுக்கு யார் சொன்னது?" அடுத்த நிமிடம் அன்சப்ஸ்க்ரைப்.

காரணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 உடன் ஆப்பிள் மெயிலில் வந்த தனியுரிமைப் பாதுகாப்பு, படங்களை ஆப்பிளின் சர்வர் வழியாக முன்கூட்டியே இறக்கிவிடுகிறது. மெயில் திறக்கப்பட்டதா என்று சொல்லும் மிகச் சிறிய படமான ட்ராக்கிங் பிக்சலும் சேர்ந்து இறங்கிவிடும். ஆள் திறக்காமலே "திறந்தார்" என்று பதிவாகும். ஓப்பன் ரேட் ஏறியபோது எங்கள் மார்க்கெட்டிங் டீம் சப்ஜெக்ட் லைனைத்தான் கொண்டாடியது. இப்போது டாஸ்க்கை கிளிக் வந்தால் மட்டும் என்று மாற்றிவிட்டோம்.

பதினெட்டு_எழுத்து

கிளிக்கையும் நம்பாதீர்கள். பல நிறுவனங்களின் மெயில் பாதுகாப்பு ஸ்கேனர்கள் உள்ளே வரும் மெயிலின் லிங்க்குகளை எல்லாம் தாங்களே ஒருமுறை தொட்டுப் பார்க்கும். அனுப்பிய சில நொடிகளில், எல்லா லிங்க்கிலும் வரிசையாகக் கிளிக் விழுந்திருந்தால் அது இயந்திரம். வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்குத் தெரியாத லிங்க் ஒன்று வைத்து, அதைத் தொட்டவர்களைக் கணக்கிலிருந்து விலக்குகிறவர்களும் உண்டு. அதோடு, 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்பினால் மெயில் நம்மிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் வேண்டும், மார்க்கெட்டிங் மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும், ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது...

திறந்த_மெயில்

அதெல்லாம் செய்தாயிற்று. நான் அழைப்பைப் பற்றித்தான் சொன்னேன்.

புது_நம்பர்

நாங்கள் கிளிக்கையும் எடுத்துவிட்டோம். பதில் மெயில் வந்தாலோ, படிவம் நிரப்பினாலோதான் டாஸ்க் வரும். டாஸ்க் எண்ணிக்கை பாதாளத்துக்குப் போனது, மேனேஜர் பதறினார். விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை.