எலாஸ்டேஸ் தடுப்பான் சோதனை: பாதிச் சாறுகள் 100%, மீதி மைனஸ். எங்கே பிசகு?

கேள்வி:
வணக்கம். வெள்ளணுவிலுள்ள நியூட்ரோஃபில் எலாஸ்டேஸை (எலாஸ்டின் புரதத்தை வெட்டும் நொதி) தடுக்கும் தாவரச் சாறுகளை 96 குழித் தட்டில் தேடுகிறேன். குழிக்கு 200 மைக்ரோலிட்டர். 0.1 மோலார் டிரிஸ், பி.எச். 7.5, மனித நொதி 10 நானோமோலார், சாறு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம், டி.எம்.எஸ்.ஓ. (கரைப்பான்) 1%. சப்ஸ்ட்ரேட் (நொதி வெட்டும்போது மஞ்சள் நிறம் விடும் பொருள்) மீத்தாக்ஸிசக்சினைல்-அலா-அலா-புரோ-வால்-பாராநைட்ரோஅனிலைடு, 0.2 மில்லிமோலார். அறை வெப்பநிலையில் 60 நிமிடம் வைத்து, 405 நானோமீட்டரில் ஒரே ஒரு முறை அளவெடுக்கிறேன்.

ஒப்பீட்டுக்கு வைத்த, தெரிந்த தடுப்பானான சிவெலெஸ்டாட்டின் ஐ.சி.50 (நொதியைப் பாதி தடுக்கும் அளவு) மைக்ரோமோலாரைத் தாண்டுகிறது. 44 நானோமோலார் என்றுதானே படித்திருக்கிறோம்? நிறமுள்ள சாறுகள் மைனஸ் 30% தடுப்பு காட்டுகின்றன. துவர்ப்பான சாறுகள் எல்லாமே 100%. எதை நம்புவது?

பதில் 1:
முதலில் அந்த 60 நிமிடத்தைக் கைவிடுங்கள். இந்தச் சப்ஸ்ட்ரேட்டுக்கு கே.எம். (வேகம் உச்சத்தில் பாதியாகும் சப்ஸ்ட்ரேட் அளவு) சுமார் 0.14 மில்லிமோலார், கேகேட் (ஒரு நொதி மூலக்கூறு வெட்டும் உச்ச வேகம்) நொடிக்கு சுமார் 17. உங்கள் அளவுகளைப் போட்டால் தொடக்க வேகம் நொடிக்கு 0.1 மைக்ரோமோலார் வருகிறது. அரை மணி தாண்டும்போதே சப்ஸ்ட்ரேட்டில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். பாதி தடுக்கப்பட்ட குழியும் 60 நிமிடத்துக்குள் தடுக்கப்படாத குழியின் மஞ்சளில் சுமார் முக்கால் பங்கை எட்டிப் பிடித்துவிடுகிறது. சிவெலெஸ்டாட் வலுவிழந்ததாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம்.

நொதியை 2 நானோமோலாருக்கு இறக்குங்கள். 30 நொடிக்கு ஒருமுறை, 10 நிமிடம் அளந்து சரிவை (நேரத்தோடு உறிஞ்சுதல் ஏறும் வேகம்) மட்டும் எடுங்கள். அதற்குள் 6% சப்ஸ்ட்ரேட்தான் செலவாகும், கோடு நேராக இருக்கும். சாற்றின் சொந்த நிறம் மாறாத அளவு என்பதால் சரிவில் கழிந்துவிடும், மைனஸும் போகும். தொடக்கத்திலேயே உறிஞ்சுதல் 2-ஐத் தாண்டும் சாற்றை மட்டும் நீர்த்துப் பாருங்கள்.

இன்னொன்று: சிவெலெஸ்டாட் நொதியின் வினை மையத்திலுள்ள செரின் 195-ஐ அசைலேற்றம் செய்கிறது (அதோடு வேதிப்பிணைப்பில் ஒட்டுகிறது), பிறகு மெல்ல விடுபடுகிறது. நொதியோடு எவ்வளவு நேரம் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். 15 நிமிடம் என்று முடிவு செய்தால் எல்லாத் தட்டுக்கும் அதே 15 நிமிடம்தான்.

பதில் 2:
மேலே சொன்னதோடு, உங்கள் பஃபரில் உப்பும் இல்லை, டிடர்ஜெண்டும் இல்லை. இந்த நொதி மிகவும் காரத்தன்மை கொண்ட, நேர்மின் புரதம். உப்பு குறைந்தால் பாலிஸ்டைரீன் சுவரில் ஒட்டும், சாற்றிலுள்ள எதிர்மின் பாலிசாக்கரைடுகளோடும் ஒட்டும். சோடியம் குளோரைடு 0.5 மோலார், டிரைட்டன் எக்ஸ்-100 0.01% சேருங்கள். டிரைட்டன் கூழ்மத் திரள்களையும் கலைக்கும். டிரைட்டனோடு காணாமல் போகும் தடுப்பு பெரும்பாலும் திரளின் வேலை.

துவர்ப்புச் சாறுகளில் டானின் இருக்கும். அது எந்தப் புரதத்தையும் பிடித்துக்கொள்ளும். பாலிவினைல்பாலிபிர்ரோலிடோனோடு குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்து, தெளிந்ததை மறுபடி சோதியுங்கள். பக்கத்திலேயே டிரிப்சின் (புரதம் வெட்டும் வேறொரு நொதி) தட்டு ஒன்று ஓடட்டும். இரண்டையும் ஒரே அளவில் தடுக்கும் சாற்றைப் பட்டியலின் அடிக்குத் தள்ளலாம். ஹெக்ஸேன் பகுதியில் தடுப்பு வந்தாலும் உடனே மகிழ வேண்டாம். ஓலெயிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்கள் இந்த நொதியை உண்மையாகவே தடுக்கும், எனவே கிடைத்தது புதிய மூலக்கூறு என்று எழுதுமுன் அவற்றை விலக்கியாக வேண்டும்.

தட்டுதோறும் நொதி மட்டும் 8 குழி, நொதியில்லாமல் 8 குழி வையுங்கள். இசட் பிரைம் (இந்த இரு வகைக் குழிகளும் எவ்வளவு தெளிவாகப் பிரிகின்றன என்ற தர அளவு) 0.5-க்குக் கீழே போன தட்டை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். நிறத்தைத் தவிர்க்க ஏ.எம்.சி. (வெட்டுப்பட்டு விடுபட்டதும் ஒளிரும் அமினோமெத்தில்கூமரின்) ஒளிர்வுச் சப்ஸ்ட்ரேட்டுக்கு மாறலாமா? முதல் சல்லடைக்குப் பன்றிக் கணைய எலாஸ்டேஸ் போதுமா? மனித நொதியின் விலைதான் இடிக்கிறது.

பதில் 1:
ஏ.எம்.சி. உணர்திறனில் மேல், ஆனால் 380-இல் தூண்டி 460-இல் அளக்கிறோம், தாவர ஃபீனால்கள் அங்கேயும் குறுக்கிடும். மாறுவதானால், நொதி இல்லாமல் சாற்றோடு தனி ஏ.எம்.சி.யைக் கலந்து பாருங்கள். ஒளிர்வு குறைந்தால் அது தடுப்பு அல்ல, ஒளியை விழுங்குவது.

கணைய எலாஸ்டேஸ் வேண்டாம். அதன் பிணைப்புக் குழி அலனைனை விரும்பும்; நியூட்ரோஃபில் நொதி வாலைனை விரும்பும். ஒன்றில் பிடிபட்டது மற்றதில் நழுவும், நல்ல தடுப்பானை முதல் சல்லடையிலேயே இழப்பீர்கள். செலவைக் கணக்குப் பாருங்கள்: 2 நானோமோலார், 200 மைக்ரோலிட்டர் என்றால் குழிக்கு 12 நானோகிராம்தான், முழுத் தட்டுக்கும் 1.2 மைக்ரோகிராமுக்குள் முடிந்துவிடும். வாங்கியதைச் சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒரு பங்கை ஒரே முறை மட்டும் உருக்கிப் பயன்படுத்துங்கள்.