புதுப்பிப்பு: மோரெல் காளான் பாஸ்தா தண்ணியாவது நின்றது

மோரெல் என்ற காட்டுக் காளானும் டான்டெலியன் என்ற கசப்புக் கீரையும் போட்ட பாஸ்தா தண்ணியாகி, கசக்கவும் செய்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

கைகொடுத்தது, 'முதலில் எண்ணெயும் உப்பும் இல்லாமல் வதக்குங்கள்' என்ற யோசனைதான். பறித்ததைக் காளான் அறிந்தவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, நீளவாக்கில் பிளந்து, உள்ளே ஒளிந்திருந்த மண்ணைக் கழுவினேன். அகலமான வாணலியில் வதக்க, காளானே விட்ட நீர் முழுக்க வற்றி, ஓரம் சிவந்த பிறகுதான் வெண்ணெயும் பூண்டும். மொத்தம் 15 நிமிடம். மோரெலை அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும்; அவசரப்படாதீர்கள்.

கீரையை 2 நிமிடம் கொதிநீரில் போட்டுப் பிழிந்ததும் கசப்பு நன்றாகவே குறைந்தது. எதிர்பாராதது ஒன்று: அதே நீரில் பாஸ்தாவை வேகவைத்ததில் கசப்பு அதில் ஏறிவிட்டது. மறுமுறை பாஸ்தாவைத் தனி நீரில் வேகவைத்து, அந்த நீரிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் காளானில் சேர்த்தேன். சாறு வழவழவென்று பாஸ்தாவில் ஒட்டிக்கொண்டது.