கார்டில் ஏ பாசிட்டிவ், ரிப்போர்ட்டில் ஏ நெகட்டிவ்: நான் எது?

முகில்:

எனக்கு வயது 29. இது 12ஆவது வாரம், முதல் குழந்தை. முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததிலிருந்து தூக்கம் போய்விட்டது. ரத்தப் பிரிவு என்ற இடத்தில் "ஏ நெகட்டிவ்" என்று இருக்கிறது. ஆனால் ரத்ததானம் செய்தபோது கொடுத்த கார்டு என் பர்ஸிலேயே இருக்கிறது. ஓரமெல்லாம் நைந்துபோன கார்டு. அதில் "ஏ பாசிட்டிவ்". மூன்று தடவை கொடுத்திருக்கிறேன், மூன்று தடவையும் அதே குரூப்தான் எழுதினார்கள்.

லேபில் போய்ச் சண்டை போட்டேன். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "நெகட்டிவ்தான் மேடம், அங்கேதான் தப்பு நடந்திருக்கும்" என்றார்கள். ரத்த வங்கிக்குப் போன் செய்தால், "எங்களிடம் தப்பு வராது." இரண்டு பேருமே அடித்துச் சொல்கிறார்கள்.

டாக்டரோ, "கணவர் ஓ பாசிட்டிவ், குழந்தையும் பாசிட்டிவாக இருக்கலாம். அதன் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடம்பு ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்காமலிருக்க, 28ஆவது வாரம் ஆன்டி-டி ஊசி போட்டுவிடலாம்" என்று சொல்லி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊசிகூடப் பரவாயில்லை. என்னை அரிப்பது வேறு. நான் நெகட்டிவ் என்றால், பாசிட்டிவ் என்று லேபிள் ஒட்டிய என் மூன்று பை ரத்தம் யாருக்கோ ஏறியிருக்கிறதே. அவர்களுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?

சும்மாஒருவன்:

ரத்தக் குரூப் மாறாது. ஆகவே இரண்டில் ஒன்று தப்பு. மூன்றாவதாக ஒரு இடத்தில் பாருங்கள். இரண்டு ஓட்டு எதற்கு விழுகிறதோ அதுதான் உங்கள் குரூப்.

பழையடெக்னீஷியன்:

ரத்தக் குரூப் என்ன தேர்தலா தம்பி, ஓட்டு எண்ணுவதற்கு?

அம்மா, முதலில் உங்கள் கடைசிக் கேள்வி. குரூப் குழப்பத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. நீங்கள் சுத்தமான நெகட்டிவாகவே இருந்தாலும், நெகட்டிவ் சிவப்பணுவைப் பாசிட்டிவ் ஆளுக்குத் தாராளமாக ஏற்றலாம். சிவப்பணுவின் மேல் டி என்ற பொருள் இருந்தால் பாசிட்டிவ், இல்லையென்றால் நெகட்டிவ். அந்த டியே இல்லாத அணு உள்ளே போனால், உடம்பு எதைப் பார்த்து மிரளும்? சிக்கலெல்லாம் எதிர்த் திசையில்தான். அதுபோக, கார்டைப் பார்த்து யாரும் பைக்கு லேபிள் ஒட்டுவதில்லை. ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சோதிப்போம். ஏற்றுவதற்கு முன் நோயாளியின் சீரத்தோடு உங்கள் அணுவைக் கலந்து கிராஸ் மேட்ச் வேறு பார்ப்போம். நிம்மதியாகத் தூங்குங்கள்.

இனி உங்கள் குரூப். ரத்த வங்கியில் 31 வருஷம் நின்றவன் என்ற முறையில் என் ஊகம்: இரண்டு ரிப்போர்ட்டும் சரி. உங்களுக்கு இருப்பது 'வீக் டி', அதாவது சாதாரணச் சோதனையில் தென்படாத அளவுக்குப் பலவீனமான டி.

லேபில் வெள்ளை டைலின் மேல் மூன்று சொட்டு ரத்தம் வைப்பார்கள். ஒன்றில் ஏ-யைக் காட்டிக்கொடுக்கும் நீல நிற ஆன்டி-ஏ திரவம், அடுத்ததில் மஞ்சள் ஆன்டி-பி, கடைசியில் நிறமே இல்லாத ஆன்டி-டி. குச்சியால் கலக்கி, டைலை இப்படியும் அப்படியும் சாய்த்தால், பொருந்துகிற சொட்டு திரிந்த பால் மாதிரித் திட்டுத் திட்டாகப் பிரியும். உங்களுக்கு நீலச் சொட்டு உடனே திரிந்திருக்கும். மூன்றாவது சொட்டு அசையாமல் வழவழவென்று நின்றிருக்கும். லேப்காரர் நெகட்டிவ் என்று எழுதிவிட்டார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதினார்.

தானம் கொடுப்பவர் விஷயத்தில் நாங்கள் அதோடு விட முடியாது. அதே அணுவை ஆன்டி-டியோடு டியூபில் போட்டு, 37 டிகிரியில் வைத்து, உப்புநீரில் மூன்று நான்கு தடவை கழுவி, அணுவில் ஒட்டிய ஆன்டி-டியைப் பிணைத்துக் காட்டும் கூம்ஸ் சீரம் விட்டு, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுப்போம். பிறகு டியூபை விரலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது. டி இல்லையென்றால் அடியில் இருக்கிற சிவப்புப் பொட்டு புகை மாதிரிக் கரைந்துவிடும். கொஞ்சமே கொஞ்சம் இருந்தாலும் துணுக்குத் துணுக்காகக் கிளம்பும். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு நொடி மட்டும் எனக்கு அலுக்கவே இல்லை.

அந்தச் சொற்ப டியும் ஒரு நெகட்டிவ் ஆளுக்குள் போனால், அவர் உடம்பு ஆன்டிபாடி உண்டாக்கக்கூடும். அதனால் கொடுக்கும்போது நீங்கள் பாசிட்டிவ். வாங்கும்போது கதை வேறு. சிலருக்கு டி முழுசாக இருக்கும், எண்ணிக்கைதான் குறைவு. சிலருக்கு அந்த டியிலேயே ஒரு துண்டு இருக்காது. முழு டி வெளியிலிருந்து வந்தால், இல்லாத துண்டு அவர்களுக்கு அந்நியமாகப் படும். நீங்கள் எந்த ரகம் என்பது டைலிலோ டியூபிலோ தெரியாது. அதனால் வாங்கும்போதும் கர்ப்பத்திலும் நெகட்டிவ் என்று வைத்துக்கொள்வதுதான் பத்திரம். ஜீன் சோதனையில் வீக் டியின் டைப் 1, 2, 3 ரகங்களில் ஒன்று என்று உறுதியானால் ஊசியே வேண்டாம் என்று விடுவதும் உண்டு. அது எல்லா இடத்திலும் கிடைக்காது.

ரத்த வங்கிக்கு மறுபடி போன் செய்யுங்கள். "தப்பா?" என்று கேட்டால் யாரும் ஆமாம் என்று சொல்லப்போவதில்லை. "வீக் டியா?" என்று கேளுங்கள்.

இருகுழந்தைஅம்மா:

நான் ஓ நெகட்டிவ். ஊசியை "கூடப் பரவாயில்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதல் குழந்தைக்கு எல்லாம் ஒழுங்காக நடந்தது. அடுத்தது 10ஆவது வாரத்திலேயே கலைந்துவிட்டது. அப்போது ஊசி போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. பிரசவத்துக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதற்கடுத்த கர்ப்பத்தில் ஐசிடி என்கிற கூம்ஸ் பரிசோதனை பாசிட்டிவ். குழந்தையின் ரத்தத்தைத் தாக்கும் ஆன்டிபாடியை என் உடம்பு ஏற்கெனவே தயார் செய்துவிட்டிருந்தது. அதன் பிறகு ஊசி போட்டுப் பயனில்லையாம். ஸ்கேன் மேல் ஸ்கேன். குழந்தையின் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ஓட்டம் எவ்வளவு வேகம் என்று அளப்பார்கள். வேகம் கூடினால் குழந்தைக்கு ரத்தசோகை என்று அர்த்தம். பிறந்ததும் நீல விளக்கின் கீழ் நாட்கணக்கில் கிடந்தான், உடம்பு ரத்தத்தையே ஒரு தடவை மாற்றினார்கள். இப்போது ஆறு வயது, வீட்டையே தலைகீழாக்குகிறான்.

இடையில் ரத்தக்கசிவு பட்டாலோ வயிற்றில் அடிபட்டாலோ 28ஆவது வாரம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். பிரசவம் ஆனதும் தொப்புள்கொடி ரத்தத்தில் குழந்தையின் குரூப் பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி. நெகட்டிவ் என்றால் அது தேவையில்லை.

முகில்:

நன்றி அக்கா, நான் இதை இவ்வளவு பெரிதாக நினைக்கவே இல்லை. சார், இன்னொரு சந்தேகம். பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டால் தானே கொடுப்பதாக என் கணவர் சொல்கிறார். "நான் ஓ, எல்லாருக்கும் கொடுக்கலாம்" என்று மார்தட்டுகிறார்.

பழையடெக்னீஷியன்:

மாப்பிள்ளையின் மனசுக்கு ஒரு கும்பிடு. ரத்தம் மட்டும் வேண்டாம்.

எல்லாருக்கும் என்று சொல்வது ஓ நெகட்டிவ் சிவப்பணுவைத்தான், அதுவும் அவசரத்துக்கு. இவர் பாசிட்டிவ். உங்களை நெகட்டிவாக வைத்துப் பார்க்கும்போது அங்கேயே அடிபட்டுப் போகிறார். அவர் நெகட்டிவாக இருந்தாலும் நான் இதையேதான் சொல்வேன். இன்னும் பிள்ளை பெறும் வயதில் இருக்கிற மனைவிக்குக் கணவர் ரத்தத்தை ஏற்றுவதைத் தவிர்ப்போம். டி தவிர வேறு எத்தனையோ பொருள் அவர் அணுவில் இருக்கிறது. அதற்கெல்லாம் நீங்கள் ஆன்டிபாடி உண்டாக்கிவிட்டால், அவரிடமிருந்து அதையே வாங்கிக்கொண்டு வரும் அடுத்த பிள்ளைதான் அடிபடும்.

1939இல் லெவின், ஸ்டெட்சன் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் எழுதிய கேஸ் இதுதான். குழந்தை இறந்து பிறந்தது, தாய்க்குக் கணவர் ரத்தத்தை ஏற்றினார்கள். இரண்டு பேருமே ஓ. அப்படியும் ஏற்றிய ரத்தம் சேராமல் கடுமையான எதிர்விளைவு வந்தது. ஏ, பி, ஓவுக்கு அப்பால் இன்னொன்று இருக்கிறது என்று அதில் பிடிபட்டது. நாம் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று பிரிக்கிற அதற்கு ஆர்எச் என்ற பெயர் அப்போது கிடையாது. அடுத்த வருஷம் லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கை வைத்துச் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த பெயர் அது.

அவர் ரத்தம் வேறு யாருக்காவது போகட்டும். உங்களுக்கு ஏ நெகட்டிவோ ஓ நெகட்டிவோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முகில்:

போன் செய்யாமல் நேரிலேயே போனேன். "வீக் டியா?" என்று கேட்டதும் அந்த அம்மா மறுபேச்சில்லாமல் பழைய பதிவேட்டை எடுத்து வந்தார். மூன்று தேதிக்கும் எதிரே ஒரே மாதிரி எழுதியிருக்கிறது: நேரடிச் சோதனையில் இல்லை, கூம்ஸில் இருக்கிறது. கார்டில் எழுத அதற்கென்று கட்டம் இல்லாததால் வெறும் பாசிட்டிவ். என் ஐசிடியும் வந்துவிட்டது, ஆன்டிபாடி இல்லை. 28ஆவது வார ஊசிக்குத் தேதி வாங்கியாயிற்று.

நைந்த கார்டை வாங்கி வைத்துக்கொண்டு புதிது கொடுத்தார்கள். அதன் பின்பக்கம் அந்த அம்மாவே பேனாவால் எழுதினார்: "கொடுக்க: ஏ பாசிட்டிவ். பெற: ஏ நெகட்டிவ்." என் கணவர் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார்.