ஆகஸ்டில் அலைச்சறுக்கு: அறுகம்குடாவா, வெலிகமவா, கோவளமே போதுமா?

புதுநுரை
வணக்கம். சுதந்திர தினத்தை ஒட்டி மொத்தம் 7 நாள் லீவு. சென்னையிலிருந்து 4 பேர். ரெண்டு பேருக்கு வெண்நுரையில எழுந்து நிற்க வரும், உடையாத பச்சை அலையை இன்னும் பிடிச்சதில்லை. ஒருத்தர் போர்டைத் தொட்டதே இல்லை. நாலாவது ஆளுக்கு நீச்சல் சுமார்தான். இலங்கை போகலாம்னு யோசனை: கிழக்குக் கரை அறுகம்குடான்னு 3 ஓட்டு, தெற்குக் கரை வெலிகமன்னு ஒரு ஓட்டு. எது சரி? போர்டு வாங்கி எடுத்துட்டுப் போகணுமா?

சாஃப்ட்டாப் சாமி
அந்த ஒத்தை ஓட்டுதான் சரி. வெலிகம விரிகுடா முழுக்க மணல் அடி, விழுந்தா கால் கிழியாது. கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்கவில் இறங்கி எக்ஸ்பிரஸ்வே பிடிச்சா, வெலிகமவுக்கு இறங்குற கொக்மாதுவ வரைக்கும் நேர்ப்பாதை, 3 மணி நேரத்தில் கடற்கரை. அறுகம்குடாவுக்கு அதே விமான நிலையத்திலிருந்து 7, 8 மணி நேரம். போக ஒரு நாள், வர ஒரு நாள்னு 7ல் 2 போச்சு. அங்கே பேர்போன அலையிடமான மெயின் பாயின்ட் பாறை அடி, கூட்டமும் நெரியும். பச்சை அலையே பிடிக்காதவங்க அங்கே போய் என்ன செய்வாங்க? கரையில நின்னு போட்டோ எடுப்பாங்க.

கச்சான்காத்து
சாமி, தூரம் சரி, மணல் சரி. மாதம்தான் பிழை. மே தொடங்கி செப்டம்பர் வரைக்கும் தென்மேற்குக் காத்து தெற்குக் கரைக்குக் கடல்ல இருந்து நேரா அடிக்கும். அலை உயரமா இருக்கும், ஆனா முகம் சிதறி, எங்க உடையும் எண்டு பிடிபடாம வரும். தண்ணியும் கலங்கல். அதே காத்து மலைநாட்டைத் தாண்டி கிழக்கால எங்கட அறுகம்குடாப் பக்கம் வரேக்க ஈரம் இழந்து, தரையில இருந்து கடலுக்கு அடிக்கும். நாங்க கச்சான் எண்டு சொல்லுறது இதைத்தான். எதிர்க்காத்து அலையின்ட முகத்தைத் தாங்கிப் பிடிக்க, அலை நிமிர்ந்து ஒழுங்கா ஒரு பக்கமா உடையும்.

வெலிகமவுக்கு நவம்பர் – ஏப்ரல். எங்களுக்கு மே – ஒக்டோபர், அதிலயும் யூன் தொடக்கம் செப்டம்பர் முதல்தரம். வாடை, அதாவது வடகிழக்குக் காத்து, தொடங்கினா இஞ்ச பாதி விடுதி பூட்டு. ஒரு தீவுதான், ஆனா ரெண்டு கரைக்கும் ரெண்டு பஞ்சாங்கம்.

சாஃப்ட்டாப் சாமி
பருவக்காற்று தெரியாம சொல்லலை. வெலிகம விரிகுடா உள்வாங்கி வளைஞ்சிருக்கு. வெளியே கடல் கொந்தளிச்சாலும் உள்ளே இடுப்பளவு நுரை வந்துட்டே இருக்கும். அங்கே பள்ளிகள் வருஷம் முழுக்கப் பாடம் நடத்துறதே அதனாலதான். நுரையில எழுந்து நிற்கப் பழகுறவனுக்கு அலையின் முகம் சுத்தமா இருந்தா என்ன, அழுக்கா இருந்தா என்ன?

கச்சான்காத்து
தொடாத ஆளுக்கு நீங்க சொல்லுறது பொருந்தும். ஆனா அந்தக் கூட்டத்தில ரெண்டு பேர் அடுத்த படிக்கு நிக்கிறாங்க. பச்சை அலை பழக, அலை எங்க எழும்பும் எண்டு முன்கூட்டிக் கண்டு, போர்டைத் திருப்பி, நாலஞ்சு வலி வலிக்க (படுத்தபடி கையால துடுப்புப் போட) நேரம் வேணும். சிதறின கடல்ல அந்த நேரம் கிடைக்காது. ஏழு நாளும் நுரையிலயே போயிடும்.

அறுகம்குடா எண்டா மெயின் பாயின்ட் மட்டும் எண்டு நினைக்கிறது பெரிய பிழை. அறுகம்குடாக் கரை ஊரான உல்லையில நிண்டு பாருங்க:

பேபி பாயின்ட்: மெயின் பாயின்ட்டின்ட உள்பக்கம். சின்ன அலை, படிக்கிற ஆக்களால நிறைஞ்சிருக்கும். அடியில அங்கங்க பாறை, அதனால காலை ஊண்டிக் குதிக்கப்படாது.

விஸ்கி பாயின்ட்: வடக்கால, ஆட்டோவில 15 – 20 நிமிசம். மணல் அடி, மெதுவா உருளுற அலை. உங்கட ரெண்டு பேருக்கும் இதுதான் பள்ளிக்கூடம். பொத்துவில் பாயின்ட்டும் அந்த வடக்குப் பக்கம்தான், அலை நல்லா வாற நாளில நீளமா ஓடும்.

பீநட் ஃபாம்: தெற்கால, பாணமைப் பக்கம். ரெண்டு இடம் இருக்கு, உள்பக்கம் படிக்கிற ஆக்களுக்கு.

எலிஃபன்ட் ராக்: அலை இதமானதுதான். பக்கத்துக் களப்பில (காயல்ல) முதலை இருக்கு. 2017 செப்டம்பரில ஒரு பிரித்தானியப் பயணியை இழுத்தது இந்தப் பக்கத்திலதான். கடல்ல நில்லுங்க, களப்பு ஓரம் கை கழுவக்கூடப் போகாதீங்க.

கோவளம்கரை
ரெண்டு பேரும் இலங்கைக்குள்ளேயே சண்டை போடுறீங்க. கடல் தாண்டணுமான்னே யாரும் கேட்கலை. கச்சான் சொன்ன அதே மேற்குக் காற்று ஆகஸ்டில் சென்னைக் கரையிலும் காலையில் தரையிலிருந்து கடலுக்குத்தான் அடிக்குது. கடற்காற்று எழுந்திரிக்கிற முன்மதியம் வரைக்கும் கோவளம், மகாபலிபுரம் ரெண்டு இடத்திலும் தண்ணி கண்ணாடி மாதிரி. உலக சர்ஃப் லீகின் தகுதிச் சுற்று 2023இலும், ஆசிய சாம்பியன்ஷிப் 2025இலும் மகாபலிபுரத்தில் நடந்தது ஆகஸ்டில்தான். சும்மா அந்த மாசத்தைத் தேர்ந்தெடுக்கலை.

கணக்கு போடுங்க. வடபழனியிலிருந்து 5 மணிக்குக் கிளம்பினா ஆறேகாலுக்குள் தண்ணியில இருக்கலாம். 7 நாளில் 7 காலை. அறுகம்குடாவுக்குப் போனா 5 காலை, அதில் மூணாம் நாள் தோள் செத்துப்போய் ஒரு காலை ஓய்வு. விமானக் காசை பயிற்சியாளருக்குக் கொடுத்தா ஆளுக்கு ஒருத்தர் கிடைப்பார்.

கச்சான்காத்து
உங்கட கரையைக் குறைச்சுச் சொல்லேல்ல. ஆனா அலை எங்க இருந்து வருது எண்டதையும் பாக்கணும். எங்களுக்கு வாற ஸ்வெல், அதாவது தூரக் கடல்ல எழும்பி வாற அலைத்தொடர், பிறக்கிறது தெற்குச் சமுத்திரத்தில, 40 பாகைக்கும் கீழ. அது வடக்கால வரேக்க இலங்கையே குறுக்க நிக்குது. சென்னை அந்த நிழலுக்குள்ள. தென்கிழக்கு ஓரமா வாற பங்கு மட்டும்தான் உங்களுக்கு, எங்களுக்கு நேர்.

உயரத்தை மட்டும் பாத்து ஏமாறாதீங்க, பீரியட் பாருங்க. ரெண்டு அலைமுடிக்கு இடைப்பட்ட விநாடிதான் பீரியட். ஆழ்கடல்ல அலைநீளம் மீட்டரில 1.56 பெருக்கல் பீரியட் வர்க்கம். 8 விநாடி எண்டா 100 மீட்டர், 14 விநாடி எண்டா 306 மீட்டர். அலைநீளத்தில பாதி ஆழத்திலேயே அலை அடித்தரையை உணரத் தொடங்கும். முதலாவது 50 மீட்டர் ஆழத்தில, ரெண்டாவது 150 மீட்டரில. நீள அலை தூரத்திலேயே தரையைத் தொட்டு, முனையைச் சுத்தி வளைஞ்சு வரும். அதனாலதான் அறுகம்குடா அலை மேற்குப் பக்கம் திரும்பி, வலப்பக்கமா நீளமா ஓடுது. 1 மீட்டர் 8 விநாடியும் 1 மீட்டர் 14 விநாடியும் ஒண்டில்லை. ரெண்டாவது உங்களைத் தூக்கி எறியும்.

கோவளம்கரை
நிழல் விஷயம் உண்மை, ஒத்துக்குறேன். ஆனா அதையே திருப்பிப் பாருங்க: நிழல் அலையைச் சின்னதாக்குது, கத்துக்கிறவனுக்கு அது குறையா? 14 விநாடி அலை தூக்கி எறியும்னு நீங்களே சொல்றீங்க, தொடாத ஆளை ஏன் அங்கே கூப்பிடுறீங்க?

அந்த நாலாவது ஆள் விஷயத்தை ரெண்டு பேருமே கண்டுக்கலை. போர்டைக் கணுக்காலோட கட்டுற லீஷ் அறுந்தா போர்டு கரைக்குப் போயிடும், ஆள் ஆழத்தில் நிற்பான். நிற்காம 100 மீட்டர் நீந்தவும், 5 நிமிஷம் மிதக்கவும் வரலைன்னா அலைக்குக் காத்திருக்கிற லைன்அப் பக்கமே விடக் கூடாது. ஆகஸ்டுக்கு முன்னாடி ஒரு மாசம் நீச்சல் குளம். அது நடக்கலைன்னா எந்தக் கரையானாலும் மார்பளவு தண்ணியோட அவருக்கு எல்லை.

சாஃப்ட்டாப் சாமி
நீச்சல் விஷயத்தில் கோவளத்தோட நான். இதில் மட்டும்.

புதுநுரை
நன்றி. நீச்சல் வகுப்பு இன்னைக்கே சேர்த்தாச்சு. உண்மையைச் சொன்னா இது பயிற்சி முகாம் இல்லை, லீவு. நாலு பேருக்கும் ஊரை விட்டுப் போகணும். அதனால கோவளத்தை ஜூலை வாரக்கடைசிகளுக்கு வெச்சுக்கிட்டு, ஆகஸ்டுக்கு அறுகம்குடான்னு சாயுறோம். யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கே, அப்படிப் போனா கிட்டமா? போர்டு, மற்ற சாமான் பற்றியும் சொல்லுங்க.

கச்சான்காத்து
யாழ்ப்பாணம் வேண்டாம். திருகோணமலை, மட்டக்களப்பு எண்டு சுத்தி பொத்துவிலுக்கு 400 கிலோமீட்டருக்கு மேல. கொழும்புதான். அங்க இருந்து மூண்டு வழி.

வேன் பிடிச்சு எக்ஸ்பிரஸ்வேயில மத்தள வரை, பிறகு வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில். நாலு பேருக்கு இது தோது. ரெண்டாவது, கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில இருந்து மட்டக்களப்புக்கு இரவு ரயில். விடிய இறங்கி கல்முனை, அக்கரைப்பற்று வழியா பஸ், நூறு கிலோமீட்டர் சொச்சம். காசு குறைவு, வழி முழுக்கத் தமிழ் பேசலாம். மூண்டாவது, எல்ல எண்ட மலையூருக்குப் போய் ஒரு இரவு தங்கி, அடுத்த நாள் 3 மணித்தியால ஓட்டம். உங்களுக்கு நாள் காணாது.

எந்த வழியானாலும் ஈடிஏவை (இலங்கைக்குள்ள வர இணையத்தில எடுக்கிற பயண அனுமதி) அரசாங்கத் தளத்தில முதலே எடுங்க. அதே மாதிரித் தெரியுற போலித் தளங்கள் கூடக் காசு பிடுங்கும்.

சாஃப்ட்டாப் சாமி
போர்டு எடுத்துப் போகாதீங்க. படிக்கிறவனுக்கு வேண்டிய 8, 9 அடி சாஃப்ட் டாப்பை (மேல் மெத்தான நுரைப் போர்டு) பல விமானங்கள் நீளக் கணக்கிலேயே மறுத்துடும். வேன் கூரையில கட்டினா 7 மணி நேர வெயிலில் நுரை உப்பிடும். அங்கேயே வாடகை.

70 கிலோ ஆளுக்கு 8 அடி, அதுக்கு மேல எடைன்னா 9. எழுந்து நிற்க வருதேன்னு ரெண்டாம் நாளே 6 அடி போர்டுக்கு மாறுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மிதப்பு குறைஞ்சா வலிக்கிற வேகம் வராது, வேகம் வரலைன்னா அலை உங்களை விட்டுட்டுப் போயிடும், ஒரு நாளைக்கு 3 அலைகூடத் தேறாது.

வாடகைக்கு எடுக்கும்போது மேல்தளத்தை கட்டைவிரலால் அழுத்திப் பாருங்க, அமுங்குற இடத்தில் தண்ணி ஏறியிருக்கும். அடியில இருக்கிற துடுப்பு, அதாவது ஃபின், மூணும் ஆடாம இருக்கணும். லீஷ் போர்டு நீளத்துக்குக் குறையக் கூடாது. கணுக்கால் பட்டையின் ஒட்டுத்துணி நைஞ்சிருந்தா மாத்தச் சொல்லுங்க. இருக்கிற கீறலை எல்லாம் கடைக்காரர் முன்னாடியே போட்டோ எடுங்க, திருப்பிக் கொடுக்கும்போது வர்ற தகராறில் பாதி இதில் தீரும்.

கோவளம்கரை
சாமான்: தண்ணி 27 – 29 டிகிரி, வெட்சூட் தேவையில்லை. முழுக்கை லைக்ரா சட்டை ஆளுக்கு 2. காட்டன் டீஷர்ட் போட்டா கனத்து, மூணு மணி நேரத்தில் மார்புத் தோலை உரிச்சுடும். முகத்துக்குத் துத்தநாகக் களிம்பு. முழங்கால் பின்பக்கத்தை எல்லாரும் மறப்பாங்க. குப்புறப் படுத்து வலிக்கும்போது வெயில் விழுறது அங்கேதான். சாஃப்ட் டாப்புக்கு மெழுகு அதிகம் வேண்டாம், தேவைப்பட்டா டிராபிகல் வகை மட்டும். மற்றது வெயிலில் கஞ்சியாயிடும்.

பாறை கிழிச்சா நல்ல தண்ணி விட்டு அடிச்சுக் கழுவி, உள்ளே ஒட்டின துகளை எடுத்துட்டு, கிருமிநாசினி போட்டு உலர்த்துங்க. எலுமிச்சை பிழியுறது வீம்பு. கடல்முள்ளி குத்தினா கத்தியால நோண்டாதீங்க. தாங்குற சூட்டில் வெந்நீரில் அரை மணிக்கு மேல ஊற வைங்க. டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாச்சுன்னு கிளம்பும் முன் பாருங்க. ஆழமான காயம்னா பொத்துவில் ஆதார வைத்தியசாலை.

கச்சான்காத்து
எல்லாம் சரி, ஒண்டு விடுபட்டுது: முறை. அலை உடையுற உச்சிக்குக் கிட்ட இருக்கிறவருக்குத்தான் அந்த அலை. அவர் எழும்பின பிறகு முன்னுக்குப் போய் விழுந்தா சண்டை வரும், வரவும் வேணும். வெளிய போகேக்க உடையுற இடத்துக்கு நடுவால வலிக்காம, பக்கத்தில உடையாத ஆழத்தால சுத்திப் போங்க. பெரிய நுரை வந்தா போர்டைத் தூக்கி எறிஞ்சிட்டு முங்கிறது புதுசா வாறாக்கள் செய்யிற வேலை. பின்னால நிக்கிறவரின்ட பல்லு போகும்.

ஆகஸ்டில இஞ்ச 6 மணிக்கு முதலே வெளிச்சம். ஆறில இருந்து ஒன்பது வரைதான் உங்கட நேரம். பத்து பதினொண்டுக்குப் பிறகு கடற்காத்து எழும்பிக் குழப்பும். பின்னேரம் குமண தேசியப் பூங்காவுக்குப் போகலாம், ஓய்வு நாளுக்குப் பொருத்தம். போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில மது விற்கமாட்டாங்க, பஸ்ஸும் நிரம்பும், திகதியைப் பாருங்க. பொத்துவில் டவுனுக்குச் சாப்பிடப் போகேக்க மேல ஒரு சட்டை போட்டுக்கொண்டு போங்க. முஸ்லிம் ஊர், கடற்கரை இல்லை.

புதுநுரை
அப்போ இரவு விமானத்தில் இறங்கி, நேரே வேன் எடுத்து விடியற்காலை உல்லையில் இறங்கினா முதல் காலையும் மிச்சமாகுமே?

கச்சான்காத்து
அது மட்டும் வேண்டாம். பொத்துவிலுக்கு முன்னால லகுகலைக் காட்டுக்குள்ளால ரோட்டு போகுது. இருட்டில யானை ரோட்டில நிக்கும், லைட் வெளிச்சத்துக்குக் கிட்ட வந்தாத்தான் தெரியும். விமான நிலையத்துக்குக் கிட்ட நீர்கொழும்பில படுத்து, விடிய 5 மணிக்கு வெளிக்கிடுங்க. மத்தியானம் வந்து சேருவீங்க.

சாஃப்ட்டாப் சாமி
வேன்காரர்கிட்ட கூரையில போர்டு கட்டணும்னு சொல்ல வேண்டியதில்லாததே மிச்சம். ஜனவரியில் லீவு கிடைச்சா அந்த ஒத்தை ஓட்டுக்காரரை மட்டும் என்கிட்ட அனுப்புங்க.