'கிளர்நஞ்சு' பொருந்துமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

அளவு மீறிய தூண்டலால் நரம்பணுக்கள் மடிவதைக் குறிக்கும் எக்சைட்டோடாக்சிசிட்டி (excitotoxicity) என்பதற்கு முன்மொழியப்பட்டுள்ள 'கிளர்நஞ்சு' சுருக்கமானது, சொல்லவும் எளியது. ஆயினும் வினைத்தொகையாக விரித்தால் அது கிளர்ந்த நஞ்சு, கிளர்கின்ற நஞ்சு, கிளரும் நஞ்சு என்றே பொருள்படும். எங்கிருந்தோ ஒரு நஞ்சு பொங்கி எழுவதாகப் படிப்பவர் கொள்வார். நடப்பதோ வேறு. நரம்பணுக்கள் தமக்குள் செய்தி கடத்த அன்றாடம் பயன்படுத்தும் குளூட்டமேட் அளவு மீறித் தேங்கும்போது, அதை ஏற்கும் அணுவின் மேலுள்ள என்.எம்.டி.ஏ. எனும் வகை ஏற்பிகள் ஓயாமல் தூண்டப்பட்டு, அவற்றின் வழியே கால்சியம் மிகுதியாகப் புகுந்து, சிதைக்கும் நொதிகளை முடுக்கி, அணுவுக்கு ஆற்றல் தரும் இழைமணிகளைக் (மைட்டோகாண்டிரியா) குலைத்து, அணுவை மாய்க்கிறது. பிறந்து சில நாள்களே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்குக் குளூட்டமேட் உப்பைச் செலுத்தி, மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமசில் நரம்பணுக்கள் மடிவதை 1969இல் காட்டிய அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னிதான் எக்சைட்டோடாக்சிசிட்டி என்ற பெயரையும் இட்டவர். அளவுக்கு மிஞ்சிய அமுதம் நஞ்சாகும் கதைதான் இது.

ஆகவே 'மிகைக்கிளர்வு நச்சுமை' என்பதை முன்வைக்கிறேன். மிகைக்கிளர்வால் விளையும் நச்சுமை என அது விரியும். 'கிளர்ச்சி' போராட்டத்தை நினைவூட்டுவதால் தவிர்த்தேன். 'நஞ்சாதல்' என்று முடிக்கவும் ஆசைதான். ஆனால் 'நஞ்சாதல் சிதைவு' என்று அடுத்த சொல்லோடு சேர்க்கும்போது இடறுகிறது, 'நச்சுமைச் சிதைவு' இடறவில்லை.

சொல்லை, உடலில் செய்தி கடத்தும் பொருள்களுள் ஒன்றான ஹிஸ்டமின் பற்றிய வாக்கியத்தில் இட்டுப் பார்ப்போம்: 'ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட பெருமூளைப் புறணி நரம்பணுக்களை ஹிஸ்டமின், தன் ஏற்பிகளுள் ஒன்றான எச்-2 வழியே, அணுவுக்குள் செய்தி கடத்தும் வளைய ஏ.எம்.பி.யின் அளவை உயர்த்தி, மிகைக்கிளர்வு நச்சுமையிலிருந்து காக்கிறது.' இங்கே 'கிளர்நஞ்சிலிருந்து' என்று எழுதினால், ஹிஸ்டமின் ஏதோ நஞ்சை முறிக்கும் மருந்தாகத் தோன்றிவிடும். அது எதையும் முறிப்பதில்லை. அணுவுக்குள் செல்லும் குறிகைகளை (சிக்னல்களை) மாற்றி, அணு தாக்குப்பிடிக்க உதவுகிறது.

நரம்பணுக்களை இவ்வாறு காப்பதைக் குறிக்கும் நியூரோபுரொடெக்சனுக்கு (neuroprotection) 'நரம்புக்காப்பு' என்பதைவிட 'நரம்பணுக் காப்பு' தெளிவானது, ஏனெனில் காக்கப்படுவது அணு. முன்னது நரம்பின் மேலுள்ள உறையைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. ஆனால் ஹிஸ்டமினுக்கே 'நரம்பணுக் காப்பான்' என்று பெயரிடும் யோசனையை ஏற்க இயலவில்லை. அரிப்புக்கும் தடிப்புக்கும் காரணமென்று மட்டுமே பலர் அறிந்த இப்பொருள், மூளையில் விழிப்பைப் பேணுவதும் உண்மை, சில சூழல்களில் அதே என்.எம்.டி.ஏ. ஏற்பியின் மின்னோட்டத்தைக் கூட்டுவதும் உண்மை. 'காக்கும் இயல்பும் உடையது' என்று வினையாகவே எழுதுவோம். பட்டமாகச் சூட்ட வேண்டாம்.