100 சிசி பைக்: சூடானதும் அடியிலிருந்து "டொக் டொக்". போர் பிஸ்டனா, கிராங்கா?

செயின்_கவர்:
97.2 சிசி, சிலிண்டர் முன்னால படுத்த மாதிரி இருக்கிற இன்ஜின். காலையில ஸ்டார்ட் பண்ணும்போது சத்தம் இல்லை. நல்லா சூடானதும், டாப் கியர்ல ஆக்சிலேட்டர் முறுக்கினா அடியிலிருந்து "டொக் டொக்"னு கனமா அடிக்குது. விட்டா குறையுது. டிப்ஸ்டிக்ல ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழ இருந்தது, ஊத்தியாச்சு. ஆனாலும் சத்தம் போகலை. மெக்கானிக் "ஹாஃப் இன்ஜின் (மேல் பாதியை மட்டும் பிரிக்கிறது) போதும், போர் (சிலிண்டர்) பிஸ்டன் மாத்திடலாம்"ங்கிறார். அதோட முடியுமா? எப்படி உறுதி பண்றது?

டேப்பெட்_0.05:
நீங்க சொல்ற குணம் பிஸ்டனுக்குப் பொருந்தலை. பிஸ்டன் தேய்ஞ்சா குளிர்ந்த இன்ஜின்லதான் அதிகமா அடிக்கும், சூடாகி விரிஞ்சதும் அடங்கும். உங்களுக்கு நேர்மாறா இருக்கு. சூடாகி ஆயில் இளகினதும், லோடு ஏறினதும் வர்ற கனமான தட்டல்னா முதல் சந்தேகம் கனெக்டிங் ராடோட (பிஸ்டனைக் கிராங்க் தண்டோட இணைக்கிறது) பெரிய முனை, அதாவது கிராங்க் பக்க முனை பேரிங்தான்.

ஆனா சத்தத்தை மட்டும் நம்பி இன்ஜினைப் பிரிக்காதீங்க. இன்ஜின் மவுண்டிங் போல்ட், சைலன்சர் நட், மேக்னெட் (கிராங்க் முனையில சுத்துற காந்தச் சக்கரம்) நட் எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க. கிளட்ச் பிடிச்சதும் சத்தம் நின்னா அது கிளட்ச் ஹவுசிங். இடது பக்கம் கரகரன்னு கேட்டு, ரேஸ் பண்ணா மறைஞ்சா டைமிங் செயினும் டென்ஷனரும். "டிக் டிக்"னு மெல்லிசா, கிராங்க் வேகத்துல பாதியா வந்தா டேப்பெட் (வால்வைத் தள்ளுற இடம்). பழைய மாடல்ல ரெண்டு வால்வுக்கும் இடைவெளி 0.05 மி.மீ., இன்ஜின் ஆறியிருக்கும்போது வைக்கணும். மேட்டுல மட்டும் கிணுகிணுன்னு வந்து, நியூட்ரல்ல எவ்வளவு ரேஸ் பண்ணாலும் வராட்டி அது பேரிங்கே இல்லை. ஹெட்ல கார்பன், லீன் மிக்சர் (பெட்ரோல் குறைஞ்ச கலவை), இல்லாட்டி இக்னிஷன் டைமிங். இதெல்லாம் இல்லைன்னு ஆனப்புறம் கிராங்குக்குப் போகலாம்.

லேத்_பட்டறை:
மேல சொன்னது சரி. அடுத்த படி ஆயில். சூடா இருக்கும்போதே சுத்தமான தட்டுல வடிச்சு, வெள்ளைத் துணியில ஊத்தி வெயில்ல பாருங்க. மினுமினுன்னு செதில் இருந்தா காந்தத்தைக் கிட்ட கொண்டு போங்க. ஒட்டினா இரும்பு: பேரிங், பின், கியர் எதுலயிருந்தும் வந்திருக்கலாம். ஒட்டாத வெள்ளைத் தூள் அலுமினியம், பிஸ்டன் பக்கம்.

இந்த இன்ஜின்ல பேப்பர் ஃபில்டர் கிடையாது. வலது கவரைக் கழட்டினா கிராங்க் முனையில சுத்துற ஃபில்டர் இருக்கும். ஸ்க்ரூ தலை நசுங்கும், அதனால இம்பேக்ட் டிரைவர்ல கழட்டணும். உள்ளே கருப்புக் களிம்பு அடைஞ்சிருக்கும், அதை விரலால தேய்ச்சுப் பாருங்க, செதில் நெருடும். பெரிய முனைக்குப் போற ஆயில் இந்த வழியாத்தான் போகுது. களிம்பு ஓட்டையை அடைச்சா, லெவல் சரியா இருந்தாலும் பேரிங் காஞ்சுடும். கவர் கழட்டியதோட கீழே உள்ள வலையையும் கழுவிடுங்க.

மெயின் பேரிங்குக்கு (கிராங்கை ரெண்டு பக்கமும் தாங்குறது): மேக்னெட் கவரைத் திறந்து மேக்னெட்டை மேலும் கீழும் அசைச்சுப் பாருங்க, ஆட்டம் இருக்கக் கூடாது. அது போயிருந்தா தட்டலை விட உறுமல்தான் வரும், வேகம் ஏற ஏறக் கூடும், ஃபுட்ரெஸ்ட்ல அதிரும்.

ஹெட், போர் கழட்டினதும் பிஸ்டனை முழுக்க வெளியே வந்த நிலையில வெச்சு, ராடைப் பிடிச்சு நேரா முன்னால இழுத்து, நேரா பின்னால தள்ளுங்க. துளி "டக்"னு உணர்ந்தாலும் பெரிய முனை போச்சு. பக்கவாட்டு ஆட்டம் வேற, அது இருக்கத்தான் வேணும். ராடுக்கும் கிராங்க் வெப்புக்கும் (கிராங்கோட பக்கத் தட்டு) நடுவுல ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டா 0.10 முதல் 0.35 மி.மீ. வரை இயல்பு, 0.60 தாண்டினா மாத்தணும். பக்கவாட்டு ஆட்டத்தைக் காட்டி நல்ல கிராங்கை மாத்த வைக்கிறவங்களும் இருக்காங்க.

கிக்கர்:
20டபிள்யூ-50 ஊத்திப் பாருங்க, சத்தம் அடங்கும்.

லேத்_பட்டறை:
அடங்கும், ஆனா தேய்ஞ்ச ஊசி பேரிங் திரும்ப வளராது. கெட்டியான ஆயில் குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது பேரிங்குக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும். கம்பெனி சொல்ற 10டபிள்யூ-30, ஜாசோ எம்ஏ (ஆயில்ல நனையுற பைக் கிளட்சுக்கான தரக்குறி) போதும். கார் ஆயில் வேண்டவே வேண்டாம், கிளட்ச் வழுக்கும்.

செயின்_கவர்:
ஆயில்ல ஒட்டுற செதில் இருக்கு. ஃபில்டர்லயும் நெருடுது. அப்ப ஃபுல் இன்ஜின்தானா (கிராங்க் வரைக்கும் பிரிக்கணுமா)? அதுவரைக்கும் ஓட்டலாமா?

லேத்_பட்டறை:
ஓட்டாதீங்க. ராடு உடைஞ்சா கிராங்க்கேஸையே (இன்ஜினோட வெளிக்கூடு) ஓட்டை போட்டுடும், அப்புறம் செலவு பல மடங்கு. போரைக் கழட்டி ராடைப் பாருங்க. ஆட்டம் இருந்தா ஃபுல் இன்ஜின்தான். பெரிய முனை ஆடுற நிலையில புது பிஸ்டன் போட்டா கம்ப்ரஷன் கூடி, இருக்கிற பேரிங் இன்னும் சீக்கிரம் போயிடும்.

ராடு கிட் வாங்கினா ராடு, பின், ஊசி பேரிங், வாஷர் எல்லாம் சேர்ந்தே வரும். பழைய பின்னுல புது பேரிங் போட விடாதீங்க. கிராங்கைப் பிரஸ் பண்ணிச் சேர்த்ததும் டயல் கேஜ் வெச்சு ரன்அவுட் (சுத்தும்போது வர்ற கோணல்) பார்க்கச் சொல்லுங்க. 0.03 மி.மீ.க்குள்ள கொண்டு வர்ற பட்டறையாப் பாருங்க. 0.10 தாண்டின கிராங்கை மாட்டினா புது மெயின் பேரிங்கும் நிலைக்காது. மெயின் பேரிங்கை இந்தச் சாக்குலயே மாத்திடுங்க. பழையதோட நம்பரை கடைசி எழுத்து வரைக்கும் பார்த்து வாங்குங்க, சி3ன்னு (பேரிங்குக்குள்ள இருக்கிற இடைவெளியோட குறி) இருந்தா சி3யேதான் வேணும். கேஸைச் சூடாக்கி இறக்கணும், சுத்தியால அடிச்சா குண்டு பதிஞ்சு முதல் நாளே உறுமும்.

டேப்பெட்_0.05:
இன்னும் ஒண்ணு, பல இடத்துல விட்டுடுறாங்க: ஆயில் பம்பைக் கழட்டி உள்ளே கீறல் இருக்கான்னு பார்க்கணும், ஆயில் போற ஓட்டை ஒவ்வொண்ணையும் டீசல்ல கழுவி காத்தடிக்கணும். பழைய செதில் ஒரு மூலையில தங்கினாலும் புது ராடும் அதே கதிதான். மாட்டும்போது பெரிய முனையில ஆயில் ஊத்தி மூடுங்க. பிளக் கழட்டி, டேப்பெட் மூடியைத் திறந்து வெச்சு, மேல ஆயில் வந்து சேர்ற வரைக்கும் கிக்கரை மிதிங்க. அப்புறம் பிளக்கை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்க.