இம்மொபிலைஸ்டு என்சைம்: முடக்கமா, தளையிடலா?

வணக்கம்.

நொதி என்பது உயிர்களில் வேதிவினையை விரைவாக்கும் புரதம். அதை ‘தாங்கி’ எனப்படும் திடப்பொருளில் கட்டியோ அடைத்தோ, நகராமல் வைத்து வேலை வாங்குவதை ஆங்கிலத்தில் ‘என்சைம் இம்மொபிலைசேஷன்’ என்பார்கள். இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று பேசும் இந்த இழையில் ‘நொதி முடக்கம்’ என்ற பரிந்துரைக்கு ஆதரவு கூடிவருகிறது. எளிய சொல்தான். ஆனால் நொதியை வேலை செய்யவிடாமல் தடுப்பது என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 1916-இல் நெல்சன், கிரிஃபின் என்ற வேதியியலாளர்கள் ஈஸ்ட்டின் இன்வர்ட்டேஸ் என்ற நொதியைக் கரித்தூளில் ஒட்டவைத்தார்கள். ஒட்டியபடியே அது சர்க்கரையைப் பிளந்தது. நகர்வு போனது, வேலை போகவில்லை.

பப்பாளிப் பாலில் உள்ள பப்பைனை எடுத்துக்கொள்வோம். புரதத்தை வெட்டும் நொதி அது. தானும் ஒரு புரதம். கரைசலில் விட்டால் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். தாங்கியில் தனித்தனியே கட்டிவைத்தால் ஒன்றுக்கொன்று எட்டாது. ஒரு மூலக்கூறைப் பல இடங்களில் கட்டினால் சூட்டில் அதன் மடிப்புகள் அவிழ்வதும் கடினம். நிலைப்பு கூடுவது இப்படித்தான். இதற்கு ஒரு விலையும் உண்டு. பப்பைனின் வினைமையத்தில், அதாவது வெட்டு நடக்கும் இடத்தில், சங்கிலியின் 25-ஆவது அமினோ அமிலமாக ஒரு சிஸ்டீன் இருக்கிறது. கட்டும்போது அந்தப் பக்கம் தாங்கியை நோக்கித் திரும்பிவிட்டால் வினைப்பொருள் (வெட்டப்பட வேண்டிய புரதம்) உள்ளே நுழைய வழியில்லை. பாலில் உள்ள கேசீன் போன்ற பெரிய புரதத்துக்கோ, தாங்கியின் நுண்துளைக்குள் போய்ச் சேர்வதே பெரும்பாடு. அதனால் செயல்திறன் பெரும்பாலும் குறையும், ஆயுள் கூடும். தாங்கி எதிர்மின்னூட்டம் கொண்டதாக இருந்தால் ஹைட்ரஜன் அயனிகளைத் தன்னருகே இழுத்துக்கொள்ளும். அங்கே அமிலத்தன்மை கூடுவதால், நொதிக்கு உகந்த பிஎச் அளவு காரப் பக்கம் நகரும்.

இவ்வளவும் நடக்கும் ஒன்றை ‘முடக்கம்’ என்பது எனக்கு ஒப்பவில்லை.

‘நிலைநிறுத்தல்’ என்றால் நிலைப்புத்தன்மையோடு குழம்பும். கட்டியபின் நிலைப்பு குறைவதும் உண்டு. அப்போது ‘நிலைநிறுத்திய நொதியின் நிலைப்பு குறைந்தது’ என்றா எழுதுவது? ‘பிணைத்தல்’ குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருள் கொண்டு வேதிப்பிணைப்பால் கட்டுவதற்குப் பொருந்தும், கால்சியம் ஆல்ஜினேட் கூழ்மணிக்குள் அடைத்துவைப்பதற்குப் பொருந்தாது. ‘பூட்டல்’ எனக்குப் பிடித்திருந்தது. செக்கில் பூட்டிய மாடு கட்டுண்டபடியே உழைக்கிறதல்லவா? ஆனால் நொதியியலில் பூட்டும் சாவியும், நொதியில் வினைப்பொருள் கச்சிதமாகப் பொருந்துவதை விளக்க ஏற்கெனவே போய்விட்டன. மாணவர்கள் திண்டாடுவார்கள்.

எனவே ‘தளை’. கட்டு என்ற பொருள் எல்லாருக்கும் தெரியும். யாப்பிலும் சீரும் சீரும் சேரும் கட்டுதான் தளை. அங்கே ஓசை நின்றுவிடுவதில்லை. முதலில் ‘தளைத்தல்’ என்று முன்வைத்தேன். பேச்சில் அது ‘தழைத்தல்’ ஆகிவிடும், அதிலும் தாவர நொதி என்றால் கேட்கவே வேண்டாம் என்று அம்மா ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான மறுப்பு. அப்படியானால் ‘தளையிடல்’ என்று வைத்துக்கொள்வோம். தளையிட்ட நொதி, கட்டற்ற நொதி என்று இணையும் அமைகிறது. நொதிக்குப் பதிலாக முழு உயிரணுவையே கட்டிவைத்தாலும் ‘தளையிட்ட உயிரணு’ என்று சொல்லலாம். அடைத்தல், ஒட்டவைத்தல், பிணைத்தல் மூன்றையும் இதன் வகைகளாக வைக்கலாம்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்ப்போம்: ‘உறிஞ்சி வகை டயாலிசிஸ் கலனில் ஜாக் பீன் விதையின் யூரியேஸ் நொதியைத் தளையிட்டு வைப்பார்கள்; யூரியாவை அது உடைக்க, வரும் அம்மோனியத்தைச் சிர்கோனியம் பாஸ்பேட் பிடித்துக்கொள்ளும்.’ இதிலேயே ‘முடக்கி வைப்பார்கள்’ என்று மாற்றிப் படித்துப் பாருங்கள். முடக்கிய யூரியேஸ் யூரியாவை எப்படி உடைத்தது என்று முதல் மாணவரே கேட்பார்.